வீதியில் அறிவியல் நாடகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சின்னக் கலைக்குழுவோடு பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். பள்ளி மைதானம், பஸ் ஸ்டாண்ட், ரேஷன் கடை வாசல், கோயில் திடல் என்று விட்ட இடத்திலெல்லாம் அறிவியல் நாடகம் போட்டிருக்கிறோம். நாடகம் முடிந்து முகத்தைக் கழுவிவிட்டு டீ குடிக்கும்போது யாராவது ஒரு ஆசிரியரோ கல்லூரிப் பிள்ளையோ பக்கத்தில் வந்து நிற்பார்கள். கேட்பது பெரும்பாலும் இவைதான்.

அறிவியல் நாடகம் என்றால் விஞ்ஞானிகளின் வாழ்க்கையை நடிப்பதா?

நடிக்கலாம், தப்பில்லை. ஆனால் பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள் வந்தால் பள்ளிக்குப் பள்ளி என்ன நடக்கிறது? ஒரு பையன் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து "நான்தான் சர் சி.வி. ராமன். 1928இல் ராமன் விளைவைக் கண்டுபிடித்தேன்" என்பான். எல்லோரும் கைதட்டுவார்கள். வீட்டுக்குப் போகும்போது தலைப்பாகை மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

அதே ராமனை வேறு மாதிரி கொண்டுவரலாம். 1921இல் அவர் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பி வருகிறார். மத்தியதரைக் கடல் அப்படி ஒரு நீலம். வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிக்கிறது, அதனால்தான் கடல் நீலம் என்று ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு ஏற்கெனவே சொல்லிவிட்டார். ராமனுக்கு அது ஒப்பவில்லை. கையில் இருந்த ஒரு பட்டகத்தைத் திருப்பி, பிரதிபலிப்பை மறைத்துவிட்டுக் கடலைப் பார்க்கிறார். நீலம் அப்படியேதான் இருக்கிறது. இதில் இரண்டு பயணிகளைச் சேர்த்து, ஒருவர் வானம்தான் காரணம் என்று சண்டை போட, இன்னொருவர் தண்ணீர்தான் என்று மல்லுக்கு நிற்க, கூட்டத்தையும் இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டால் அது நாடகம். தலைப்பாகை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: பதிலை மேடையேற்றாதீர்கள், கேள்வியை மேடையேற்றுங்கள்.

இது எப்போது தொடங்கியது? யார் கண்டுபிடித்தது?

யாரும் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் பக்கத்தில் இதற்கு ஒரு உருவம் கொடுத்தது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். 1962இல் அறிவியல் எழுத்தாளர்கள் சிலர் தொடங்கிய அமைப்பு அது. 1980இல் கலை ஜாதாவை, அதாவது ஊர் ஊராகப் போகும் கலைப்பயணத்தைக் கிளப்பினார்கள். பாட்டு, குறுநாடகம், கொஞ்சம் வில்லடி என்று கலந்து போனார்கள். செலவுக்குப் பணம்? ஜாதா வரும் ஊரில் முன்கூட்டியே புத்தகம் விற்று அந்தக் காசிலேயே நடத்தினார்கள். இந்த யுக்தியை நாங்கள் இன்றும் காப்பியடிக்கிறோம்.

அதே 1980இல்தான் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் தொடங்கியது. சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தில் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் பயிலரங்கு நடத்தியதும் அந்த வருடம்தான். மேடை வேண்டாம், திரை வேண்டாம், நடிகனின் உடம்பும் கூட்டமும் போதும் என்பது அவர் வழி. பிறகு 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தது. அறிவியல் யாருக்காக, யாருடைய கையில் என்ற கேள்வி அதற்குப் பிறகு பொத்திவைக்க முடியாததாகிவிட்டது. 1987 அக்டோபர் 2 அன்று நாட்டின் ஐந்து பக்கங்களிலிருந்து பாரத் ஜன விஞ்ஞான் ஜாதா கிளம்பி, ராமனின் பிறந்தநாளான நவம்பர் 7 அன்று போபாலில் போய் முடிந்தது வெறும் தற்செயல் இல்லை.

அப்புறம் அறிவொளி. புதுக்கோட்டையில் 1991 வாக்கில் எழுத்தறிவு இயக்கம் ஊரைக் கலக்கியபோது முன்னால் போனது கலைக்குழுக்கள்தான். இன்று ஐம்பது, அறுபது வயதில் இருக்கும் பல வீதி நாடகக்காரர்களுக்கு முதல் பறை அடி அங்கே விழுந்தது.

எங்களில் யாருக்கும் நடிக்கத் தெரியாதே?

நல்லது. நன்றாக நடிக்கத் தெரிந்தவர் வந்தால் முதல் இரண்டு நாள் அவர் பழக்கத்தை மாற்றவே சரியாகப் போய்விடும். ஆறிலிருந்து எட்டு பேர், சத்தமாகப் பேசத் தெரிந்தால் போதும். ஒருவருக்காவது பறையோ தவிலோ அடிக்கத் தெரிந்தால் பாக்கியம். நாடகம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. இருபத்தொன்றாவது நிமிடத்தில் ஒரு அம்மாவுக்கு அடுப்பு ஞாபகம் வரும்.

கதையை எப்படி அமைப்பது? ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

எங்கள் குழு அதிகம் போட்ட நாடகத்தையே சொல்கிறேன். தலைப்பு "பழகிப்போச்சு". "அந்த மாத்திரை என் உடம்புக்குப் பழகிப்போச்சு, இப்ப கேக்க மாட்டேங்குது" என்று எல்லோர் வீட்டிலும் ஒருவர் சொல்வார் இல்லையா, அதுதான் கரு. ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் பழகுவது நம் உடம்பு இல்லை. கிருமிகளில் மருந்துக்கு அடங்காதவை தப்பித்துப் பெருகிவிடுகின்றன. இந்த ஒரு வரியை விளக்க எவ்வளவோ பேசிப் பார்த்தோம். தலையாட்டுவார்கள், மறுநாள் அதே வசனத்தைச் சொல்வார்கள்.

நாடகம் இப்படிப் போகும். சளி பிடித்த ஒருவர் தும்மிக்கொண்டே வருகிறார். மருந்துக் கடையில் "நல்லா கேக்கற மாத்திரையா ரெண்டு நாளைக்குக் குடுங்க" என்கிறார். கட்டியங்காரன், அதாவது கூத்தில் கதையை நடத்திக்கொண்டு போகும் கோமாளி, கூட்டத்திலிருந்து பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துகிறான். இவர்கள் எல்லாம் அந்த ஆளின் குடலில் வருடக்கணக்காகக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். பாதிப் பேர் சோறு செரிக்க உதவுகிறவர்கள், மீதிப் பேர் சும்மா இருக்கிறவர்கள். அதில் இரண்டு பேரின் இடுப்பில் மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு சிவப்புத் துண்டைச் செருகிவிடுவோம். ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு வைரஸ் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருக்கும். சளிக்குக் காரணம் அதுதான்.

மாத்திரை வருகிறது. எங்கள் குழுவிலேயே உயரமான ஆள், கையில் துடைப்பம். பறை அடிக்க அடிக்க ஓடி ஓடித் தொடுகிறான். தொட்டவர்கள் உட்கார வேண்டும். துண்டு வைத்திருப்பவர்கள் துண்டை எடுத்து உதறிக் காட்டிவிட்டு நிற்பார்கள். அவன் வைரஸிடம் போய் அடி அடி என்று அடிக்கிறான். வைரஸ் கடலைத் தோலை ஊதிவிட்டு, "தம்பி, நான் பாக்டீரியா இல்ல. என்கிட்ட உன் வேலை நடக்காது" என்கிறது. இங்கேதான் கூட்டம் சிரிக்கும்.

சிரிப்பு அடங்கும்போது களத்தில் நிற்பது இரண்டு துண்டுக்காரர்கள் மட்டும். இடம் காலி. கட்டியங்காரன் சொல்வான்: "இடம் காலியா இருக்கு, சாப்பாடு இருக்கு. ஆளுக்கு அஞ்சு பேரைக் கூட்டிட்டு வாங்க." வருகிற பத்து பேருக்கும் துண்டு. மறுபடி பன்னிரண்டு பேர். ஆறு மாதம் கழித்து அதே ஆளுக்கு நிஜமாகவே ஒரு பாக்டீரியா தொற்று வருகிறது. துடைப்பத்தோடு மாத்திரை ஓடி வருகிறது. பன்னிரண்டு துண்டும் ஒரே நேரத்தில் உதறப்படுகிறது. அந்தச் சத்தம் பெரிதாக இருக்கும். மாத்திரை மூச்சு வாங்கிக் கீழே உட்கார்ந்துவிடும்.

கட்டியங்காரன் நோயாளியிடம் கேட்பான்: "அண்ணே, இப்ப யாருக்குய்யா பழகிப்போச்சு?" பதிலை நோயாளி சொல்ல மாட்டார். கூட்டம்தான் சொல்லும். ஒரு தடவை முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "அந்தத் துண்டுக்காரப் பயலுவளுக்கு" என்றார். பல வருடப் பேச்சு செய்யாத வேலை அது.

கிருமியைப் பேச வைப்பது தப்பில்லையா? அதற்கு மூளையே கிடையாதே?

நியாயமான சந்தேகம். கிருமி, மின்னணு, நிழல் எல்லாம் நாடகத்தில் பேசத்தான் செய்யும். பேசுவது ஆபத்தில்லை, திட்டம் போடுவதுதான் ஆபத்து. "இந்த மருந்தைச் சமாளிக்க நான் மாறப்போகிறேன்" என்று பாக்டீரியா வசனம் பேசினால் கதை கெட்டது. பாக்டீரியா யோசித்து மாறுவதில்லை. ஏற்கெனவே தற்செயலாக மாறியிருந்தவை பிழைக்கின்றன. அதனால்தான் மருந்து வருவதற்கு முன்பே இரண்டு பேர் இடுப்பில் துண்டு இருக்க வேண்டும் என்று ஒத்திகையில் அடம்பிடிப்பேன். மருந்து வந்தபிறகு துண்டு எடுத்துக் கட்டினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அறிவியல் தலைகீழாகிவிடும். இந்த மாதிரி இடங்களில் அழகு தோற்கட்டும்.

தெருக்கூத்து, வில்லுப்பாட்டு, பறை: எது பொருந்தும்?

வில்லுப்பாட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அறிவியலுக்கு அதைவிடத் தோதான வடிவம் எனக்குத் தெரிந்து இல்லை. பக்கத்தில் ஒருவர் "ஆமா" போட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த "ஆமா"வை நடுவில் ஒரு இடத்தில் "ஆமாவா?" என்று மாற்றிப் பாருங்கள். அவ்வளவுதான், ஆமாம்சாமி சந்தேகப் பிராணியாகிவிடுவார். கூட்டம் கேட்க நினைத்ததை அவர் கேட்பார்.

கூத்தில் கட்டியங்காரனுக்கு எல்லா உரிமையும் உண்டு. ராஜாவையும் கிண்டல் பண்ணலாம், பார்வையாளரிடமும் பேசலாம். மேலே சொன்ன நாடகத்தில் அவனை எடுத்துவிட்டால் எதுவும் நிற்காது. பறை, ஆள் கூட்டுவதற்கு. ஐந்து நிமிடம் அடித்தால் தெருவே வந்துவிடும். ஆனால் அடிப்பவருக்கு மரியாதையும் சம்பளமும் கொடுத்துக் கூப்பிடுங்கள். "அறிவியலுக்காகத்தானே" என்று ஓசியில் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

வானியல் மாதிரிப் பெரிய விஷயங்களை எப்படி நடிப்பது?

நடிக்க வேண்டாம், நடங்கள். ஒரு கால்பந்தை மைதானத்தின் ஓரத்தில் வைத்து அதுதான் சூரியன் என்று சொல்லுங்கள். பூமி எவ்வளவு பெரிது என்று கேட்டால் எலுமிச்சம்பழம், கோலிக்குண்டு என்பார்கள். இந்த அளவில் பூமி ஒரு கடுகு. எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டால் பந்துக்குப் பக்கத்திலேயே வைப்பார்கள். கடுகைக் கையில் வைத்துக்கொண்டு சுமார் 24 மீட்டர் நடக்கச் சொல்லுங்கள். நிலா அந்தக் கடுகிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி ஒரு ரவைத் துகள். வியாழனுக்குத்தான் கோலிக்குண்டு, அது 120 மீட்டருக்கு அப்பால். நெப்டியூனாக நடிக்கும் பையன் 700 மீட்டர் நடந்து அடுத்த தெருவுக்கே போய்விடுவான். ஒரு தடவை அப்படிப் போனவன் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டான், போய்க் கூட்டிவர வேண்டியிருந்தது.

கிரகணம் என்றால் இரண்டு சைக்கிள் ரிம் போதும். ஒன்று சூரியனைப் பூமி சுற்றும் தளம், இன்னொன்று நிலா சுற்றும் தளம், இரண்டுக்கும் நடுவில் 5 டிகிரி சாய்வு. ஒவ்வொரு அமாவாசைக்கும் ஏன் சூரிய கிரகணம் வரவில்லை என்பதை வாயால் விளக்கினால் மூன்று பேருக்குப் புரியும். ரிம்மைக் கையில் கொடுத்துவிட்டால் அவர்களே சொல்வார்கள். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் வளைய கிரகணம் தெரிந்தது. அதற்கு முந்தைய வாரம் முழுக்க எங்களுக்கு ரிம் நாடகம்தான். கிரகணம் பார்க்கும்போது வெளியில் நின்று எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதைக் கடைசிக் காட்சியாகவே வைத்திருந்தோம். வெல்லப் பொங்கல்.

அற்புதம் என்று காட்டப்படுவதைச் செய்துகாட்டி விளக்கும் "மந்திரமா தந்திரமா" நிகழ்ச்சி செய்தால் பக்தர்கள் கோபப்பட மாட்டார்களா?

படுவார்கள், நாம் கோபப்படுத்தினால். எலுமிச்சம்பழத்தை அறுத்தால் ரத்தம் வரும் தந்திரத்தில், கத்தியில் செம்பருத்திப் பூச்சாறு தடவியிருக்கும். பழத்தின் புளிப்பு பட்டதும் அது சிவக்கும். இதைச் செய்து காட்டிவிட்டு "பாத்தீங்களா, உங்களை எப்படி ஏமாத்துறாங்க" என்று ஆரம்பித்தால் கூட்டத்தின் முகம் மூடிக்கொள்ளும். ஏமாந்தவன் என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை?

நாங்கள் ஆரத்தியிலிருந்து தொடங்குவோம். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும் என்பது அங்கே நிற்கும் எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். அவர்களையே கூப்பிட்டுச் செய்யச் சொல்வோம். "இதுல மந்திரம் ஏதாச்சும் சொன்னீங்களாம்மா?" என்றால் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு எலுமிச்சம்பழத்தை எடுத்தால் "இதுலயும் என்னமோ தடவியிருக்கே" என்று அவர்களே கத்தியை வாங்கிப் பார்ப்பார்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவில் 1976இல் சேர்த்தார்கள். அதை மேற்கோள் காட்டிச் சண்டை போடலாம். கத்தியை அவர்கள் கையில் கொடுப்பது சுலபம்.

தீ வரும் தந்திரங்களைப் பிள்ளைகளை வைத்துச் செய்யாதீர்கள். ரசாயனம் தெரிந்த பெரியவர் ஒருவர், பக்கத்தில் ஒரு வாளி மணல். இதில் சமரசமே கிடையாது.

பார்வையாளர்களை நாடகத்துக்குள் இழுப்பது எப்படி?

பிரேசிலின் அகஸ்டோ போவால் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார். பிரச்சினை முற்றும் இடம்வரை நாடகத்தை நடத்திவிட்டு நிறுத்துவது. பிறகு அதே காட்சியை மறுபடி நடத்தி, "இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், வந்து செய்து காட்டுங்கள்" என்று கூப்பிடுவது.

டெங்கு நாடகத்தில் நாங்கள் இதை வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டோம். முதலில் எழுதிய நாடகத்தில் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து "தேங்கின தண்ணியைக் கொட்டுங்க" என்பார், அந்த அம்மா "சரிங்க" என்பார், முடிந்தது. ஒரு ஊரில் நடுவிலேயே ஒருவர் எழுந்து, "எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணி வருது, அதையும் கொட்டச் சொல்றியா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அசடு வழிய நின்றோம்.

இப்போது அந்தக் கேள்விதான் நாடகமே. தண்ணீர் வேண்டும், கொசு வேண்டாம், என்ன செய்யலாம்? யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். ஏடிஸ் கொசுவின் முட்டை பெரிய கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும், முட்டை தொட்டியின் உள்சுவரில் நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. இந்த மூன்று விவரத்தையும் கொசு வேடக்காரி கூட்டத்தைச் சீண்டிக்கொண்டே சொல்லிவிடுவாள். மீதியை ஊர் சொல்லும். பழைய வேட்டியை இரண்டாக மடித்து டிரம் வாயில் போட்டு, சைக்கிள் டியூபை அறுத்து இறுக்கிக் கட்டலாம் என்று செய்து காட்டியது ஒரு கிராமத்துப் பெண்மணி. வாரம் ஒரு நாள் தண்ணீர் வருவதற்கு முன்னால் தேங்காய் நாரால் உள்சுவரைத் தேய்ப்பது இன்னொருவர் யோசனை. இரண்டையும் அடுத்தடுத்த ஊர்களுக்கு எடுத்துப் போனோம்.

தப்பாக ஏதாவது சொல்லிவிட்டால்?

சொல்லியிருக்கிறோம். "பழகிப்போச்சு" நாடகத்தின் முதல் வடிவத்தில், மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று வைத்திருந்தோம். ஒரு மருத்துவர் பார்த்துவிட்டு, எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்பது நோய்க்கு நோய் மாறும், இப்போது பல தொற்றுகளுக்கு நாட்களைக் குறைத்தே கொடுக்கிறார்கள், அதை மருத்துவர் முடிவு செய்யட்டும், தேவையே இல்லாத சளிக்குச் சாப்பிடுவதைக் காட்டுங்கள் என்றார். கடலை தின்னும் வைரஸ் அன்றைக்குத்தான் பிறந்தது. திருத்தியதில் நாடகமும் நன்றாகிவிட்டது, எங்கள் அதிர்ஷ்டம்.

வழி இதுதான்: துறை தெரிந்த ஒருவரை ஒத்திகைக்கே கூப்பிடுங்கள். கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் பிழை கண்ணில் படாது. வசனம் சரியாக இருக்கும், ஆனால் அதே வரியைச் சொல்லும்போது நடிகர் செய்யும் சைகை தப்பாக இருக்கும்.

அனுமதி, மைக், வெளிச்சம்?

காவல் நிலையத்தில் முன்கூட்டியே ஒரு கடிதம், ஊராட்சித் தலைவரிடம் ஒரு வார்த்தை. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. முடிந்தால் மைக்கே வேண்டாம். வட்டமாக உட்கார வைத்தால் நூற்றைம்பது பேர் வரை வெறும் குரல் கேட்கும். பஸ் ஸ்டாண்டில் மட்டும் இது நடக்காது. அங்கே ஒரு முழு நாடகம் "திருச்சி, திருச்சி, திருச்சி" என்ற குரலில் முங்கிப்போன கதை எங்களுக்கு உண்டு.

மக்களுக்குப் புரிந்ததா என்று எப்படித் தெரியும்?

கைதட்டலை நம்பாதீர்கள். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பத்து நாள் கழித்து இரண்டு பேர் அந்தத் தெருவுக்குச் சும்மா போவார்கள். டெங்கு நாடகம் என்றால் எத்தனை டிரம்மில் துணி கட்டியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வருவார்கள். மாத்திரை நாடகம் என்றால் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு தும்மல் போட்டுவிட்டு யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பார்கள். பல ஊர்களில் ஒன்றும் மாறியிருக்காது. அதையும் எழுதி வைத்துக்கொள்வோம்.

முதன்முதலாகத் தொடங்க ஒரு நல்ல தலைப்பு?

நிழலில்லா நாள். கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் தமிழ்நாட்டில் எல்லா ஊருக்கும் வருடத்தில் இரண்டு நாள் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். குமரிமுனைக்கு ஏப்ரல் 10, 11 வாக்கில், மதுரைக்கு 16 வாக்கில், சென்னைக்கு 24 வாக்கில். ஆகஸ்டில் திரும்ப ஒரு தடவை, அப்போது வடக்கே முதலில். கன்னியாகுமரிக்கு வரும்போது செப்டம்பர் ஆகிவிடும்.

இரண்டு பேர் போதும். ஒருவர் மனிதர், இன்னொருவர் கறுப்புச் சட்டை போட்ட நிழல். காலையில் நிழல் நீட்டிப் படுத்துக்கொண்டு அவரை இழுத்தடிக்கிறது, கடன் கேட்கிறது, நேரம் ஆக ஆகச் சுருங்குகிறது. "உன்னை விட்டு எங்கேயும் போக மாட்டேன்" என்று சத்தியம் பண்ணுகிறது. பதினொன்றே முக்காலுக்குத் தொடங்குங்கள். சென்னையில் ஏப்ரல் கடைசியில் உச்சிப்பொழுது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வராது, 12.07 வாக்கில் வரும். மதுரைக்கு இன்னும் பத்து நிமிடம் போக வேண்டும். அதுவரை இழுக்க வசனம் கையில் வைத்திருங்கள். கூட்டத்துக்கு நடுவில் ஒரு எவர்சில்வர் டம்ளரை நிறுத்தி வையுங்கள். டம்ளரின் நிழல் காணாமல் போகும்போது கறுப்புச் சட்டைக்காரர் சுருண்டு அவர் காலடிக்குள் புகுந்துகொள்ள வேண்டும். ஏன் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். வெயிலில் செருப்பில்லாமல் வந்த பிள்ளைகளுக்கு ஒரு சாக்கு விரித்துப்போட மறந்துவிடாதீர்கள், நாங்கள் மறந்தோம்.